கணக்கு எழுதுகிற கை

அன்புள்ள அக்கா,

ஃபேனி லூ ஹேமரைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அப்படி ஒரு பெண் இருந்தார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. சிறையில் அவரை அடிக்கும் இடம் வந்தபோது அழுதுவிட்டேன். ஆனால் இரண்டே நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எனக்கு 46 வயது. படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. ஒரு பனியன் கம்பெனியில் ஆட்களின் நேரக்கணக்கு எழுதுகிறேன். ஓவர்டைமில் தினமும் அரைமணி நேரத்தைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், எழுதுவேன். என்னைப் போன்ற ஒருத்தி அவருடைய வாழ்க்கையிலிருந்து எதை எடுத்துக்கொள்ள முடியும்? இனிமேல் என்ன என்றுதான் தோன்றுகிறது.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

நேரக்கணக்கு எழுதுகிறேன் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஹேமரும் அதே வேலைதான் பார்த்தார். போன மாதம் எழுதியபோது அந்தப் பகுதியை நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மிசிசிப்பியில், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்ட ஒரு குடும்பத்தில் 1917இல் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர் அவர். ஆறு வயதில் தோட்டத்து முதலாளி அவரைக் கூப்பிட்டு, 30 பவுண்டு பருத்தி எடுத்தால் கடையில் தின்பண்டம் வாங்கித் தருவதாக ஆசை காட்டினார். குழந்தை எடுத்தது. அப்புறம் பல வருடங்களுக்குப் பருத்திதான். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் 1944இல் அவரைக் கணக்குப்பிள்ளை ஆக்கினார்கள். யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள், எத்தனை பவுண்டு எடுத்தார்கள் என்று குறித்து வைக்கும் வேலை. எடை குறைத்துக் காட்டும்படி முதலாளியின் தராசுக் குண்டில் கள்ளம் இருந்தது. ஹேமர் சரியான குண்டு ஒன்றைத் தானே வைத்திருந்தார். முதலாளி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அதை மாட்டி எடை போட்டார்.

அப்போது தனக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் அம்மா கோவில்பட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போனவர். சாயங்காலம் மடிப்பருத்தியைக் கொட்டி நிறுக்கும்போது தராசுமுள்ளைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும் என்பதால், ஹேமர் கடைசியில் எத்தனையோ பெரிய மேடைகளில் பேசியிருந்தாலும் என் மனதில் முதலில் வந்து நிற்பது அந்தக் குண்டுதான்.

ஓட்டுப் போடலாம் என்பதை அவர் 1962 ஆகஸ்டில், ஊர்த் தேவாலயத்தில் நடந்த கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44. அதனால் உங்கள் 46 பற்றி நான் தனியாக எதுவும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா என்ற ஊருக்கு, வாக்காளராகப் பதிவு செய்யப் போனார்கள். பதிவதற்கான தேர்வாக, மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் எழுதச் சொன்னார்கள். அந்தப் பிரிவு சொல்லும் சட்டத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்தது, குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றித் தெரிந்த அளவுதான் என்று பின்னாளில் அவர் சொன்னார். தேறவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று போலீஸ் அபராதம் போட்டது. பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் ஹேமர் பாட ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தால், மனுவைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் தோட்டத்தைவிட்டுப் போ என்றார் முதலாளி. “உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்” என்றார் ஹேமர். பதினெட்டு வருடம் வேலை பார்த்த இடத்தைவிட்டு அன்று ராத்திரியே வெளியேற வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டின்மேல் 16 தடவை சுட்டார்கள்.

டிசம்பரில் அவர் மறுபடியும் அதே அலுவலகத்துக்குப் போனார். தேறும்வரை 30 நாளுக்கு ஒருமுறை என்னைப் பார்ப்பீர்கள் என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னார். ஜனவரியில் தேறினார். அதற்கப்புறமும், ஓட்டுப் போட அங்கே கட்ட வேண்டியிருந்த தேர்தல்வரியின் ரசீது இல்லை என்று ஓட்டுப் போட விடவில்லை. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சிக் குழுவின் முன்னால் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிக் கேமராக்களைத் தன் பக்கம் இழுக்க ஜனாதிபதி ஜான்சனே அவசரமாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டார். நாடு முழுக்க எல்லோரும் அறிந்தது அந்தப் பேச்சைத்தான். ஆனால் நான் பிடித்துக்கொண்டது அந்த ‘30 நாளுக்கு ஒருமுறை’யைத்தான்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு முதியோர் பென்ஷன் திடீரென்று நின்றுபோனது. மாதம் ஒருமுறை, ஐந்தாம் தேதியன்று, அதே ஜன்னலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் இரண்டு மாதம் எரிச்சலோடு போனேன், யாரிடமாவது சத்தம் போட்டுவிட்டு வருவேன். மூன்றாம் மாதத்திலிருந்து சத்தம் போடுவதை விட்டேன். ஏழாம் மாதம் பணம் வந்தது. ஹேமர் பட்ட பாட்டுக்குப் பக்கத்தில் இதை வைக்கவே முடியாது. ஆனால் அவரைப் படித்திருக்காவிட்டால் மூன்றாம் மாதமே நான் விட்டிருப்பேன்.

ஆனால் ஒன்று, எம். நாளைக்கே போய் முதலாளியிடம் சண்டை போடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஹேமரின் கணவரை அறுவடை முடியும்வரை தோட்டத்தில் இருத்தி வைத்துவிட்டு அப்புறம் வேலையைவிட்டு அனுப்பினார்கள். விலை அப்படித்தான் இருக்கும், அதைக் கொடுக்கப்போவது நீங்களும் உங்கள் வீட்டாரும். ஹேமரும் தனியாகப் போகவில்லை. கூட 17 பேர் இருந்தார்கள், பின்னால் மாணவர் இயக்கத்துப் பிள்ளைகள் நின்றார்கள்.

ஆகவே இப்போதைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கம்பெனி ஏட்டில் அவர்கள் சொல்வதை எழுதும் அதே நாளில், உண்மையான நேரத்தை ஆள்வாரியாக இந்த நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள். கம்பெனியில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்த பிறகு, அந்த அரைமணி நேரக் கூலியை இழந்தவர்களில் நீங்கள் நம்புகிற இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். தொழிற்சங்கத்துக்குப் போவதா, தொழிலாளர் துறையில் மனுக் கொடுப்பதா என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். உங்கள் பகுதியில் இதற்கு உதவக்கூடிய வழக்கறிஞர்கள் யார் என்று நானும் விசாரித்து வைக்கிறேன்.

முதல் மாதம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா