குறைந்த செலவில் கிராமிய பாணி அலங்காரம்: கல்யாணத்துக்குச் செய்ததைப் பண்டிகைக்கும் பயன்படுத்த முடியுமா?

கல்யாணத்துக்குக் கிராமிய பாணியில் அலங்காரம் வேண்டும், கையில் அதிகம் பணம் இல்லை, வாங்கும் பொருட்கள் பிறகு பண்டிகை நாட்களுக்கும் உதவ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். உறவுக்காரர்கள், நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்கு இந்த வேலையை ஆசையாகச் செய்து கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. 'கிராமிய பாணி' என்று பெயர் போட்டு விற்கும் ரெடிமேட் பொருட்களை வாங்க ஆரம்பித்தால் செலவு எங்கேயோ போய்விடும். பழைய பெட்டி போலச் செய்த புதுப் பெட்டி, துருப்பிடித்தது போலப் பெயின்ட் அடித்த புது லாந்தர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இந்த பாணியின் உயிர் பொருளின் மேற்பரப்பில் இருக்கிறது: பாலிஷ் போடாத மரம், சணல், பிளீச் செய்யாத பருத்தி, நிறமில்லாத கண்ணாடி, மங்கிய தகரம், பச்சை இலை. இதில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை அந்த மூன்றையே திரும்பத் திரும்ப வையுங்கள். பத்து விதமான பொருள் ஒவ்வொன்று இருந்தால் பழைய சாமான் கடை போல ஆகிவிடும். ஒரே விதமான ஜாடி நாற்பது இருந்தால், யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரியும். என் கைக்குப் பழகிய கூட்டணி சணல் துணி, கண்ணாடி ஜாடி, இலை. கூடவே நல்ல வெளிச்சம்.

சரி, எங்கே வைப்பது? முழு இடத்தையும் அலங்கரிக்க நினைத்தால் எந்தப் பணமும் போதாது. உள்ளே நுழையும் இடம், மணமக்களின் முதுகுக்குப் பின்னால் உள்ள இடம், விருந்தினர் உட்காரும் மேசை, இந்த மூன்றுதான் கண்ணிலும் படும், படத்திலும் விழும். பணத்தில் பெரும் பகுதி மணமக்களுக்குப் பின்னால் போகட்டும். ஓரங்களையும் தூண்களையும் நாற்காலி முதுகுகளையும் அப்படியே விட்டுவிடலாம். நாற்காலிக்கு நாற்காலி ரிப்பன் கட்டுவது எனக்கு எப்போதுமே வீண் வேலையாகத்தான் தெரிகிறது. ஆள் உட்கார்ந்த பிறகு அது யார் கண்ணிலும் படாது.

மேசைக்குச் சணல் துணியைப் பட்டையாக வெட்டி நடுவில் விரிப்பதுதான் மலிவு. 180 சென்டிமீட்டர் நீள மேசை என்றால் இரண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் தொங்க, ஒரு பட்டைக்கு 220 சென்டிமீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் அகலத் துணியை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 33 சென்டிமீட்டர் அகலம் வரும். அது போதுமான அகலம். பத்து மேசைக்கு 8.8 மீட்டர் துணி வாங்கினால் பன்னிரண்டு பட்டை கிடைக்கும். மீதி இரண்டும் பரிசுப் பொருள் வைக்கும் மேசைக்கும் வரவேற்பு மேசைக்கும் ஆகும்.

சணலைக் கோடு போட்டு வெட்டாதீர்கள், கோணல்மாணலாக வரும். வெட்ட வேண்டிய இடத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, அங்கே தெரியும் ஒரே ஒரு நூலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். துணி சுருங்கிக்கொண்டே போகும், அதைக் கையால் தள்ளிவிட்டபடி இழுத்தால் நூல் முழுவதும் வெளியே வந்துவிடும். நூல் போன இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். அந்த இடைவெளி வழியாகவே கத்தரியை ஓட்டினால் வெட்டு நேராக விழும். நூல் நடுவில் அறுந்தால் பயப்பட வேண்டாம், அறுந்த இடம்வரை வெட்டிவிட்டு அங்கிருந்து மறுபடி இழுக்கலாம். ஓரத்தில் நாலைந்து நூலை உருவிவிட்டால் அதுவே குஞ்சமாகும். அதற்கு மேல் பிரியாமல் இருக்க, குஞ்சம் தொடங்கும் இடத்தில் ஒரு தையல் ஓட்டினால் போதும், அல்லது துணிப் பசையைத் தண்ணீர் விட்டு மெல்லிசாகத் தடவலாம்.

புதுச் சணலில் ஒரு எண்ணெய் வாடை அடிக்கும். நாரைப் பதப்படுத்தும்போது எண்ணெய் கலந்த நீரைச் சேர்ப்பதால் வருவது அது. விசேஷத்துக்கு முந்தின நாள் வாங்கி விரித்தால் சாப்பாட்டு மேசை முழுக்க அந்த வாடைதான் இருக்கும். முன்கூட்டியே வாங்கி, நிழலில் காற்றோட்டமாகச் சில நாள் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். துணி சுருங்கும், உதிரும் நார் மெஷினையும் அடைக்கும். சுருக்கம் இருந்தால் ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரி போடுங்கள்.

கண்ணாடி ஜாடிக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். இந்த பாணிக்கென்றே பெயர் வாங்கிய மேசன் ஜாடி, 1858இல் அமெரிக்காவில் ஜான் லேண்டிஸ் மேசன் என்ற தகர வேலைக்காரர் காப்புரிமை எடுத்த திருகுமூடி ஜாடி. பழையதைச் சேகரிப்பவர்கள் உண்டு, நமக்கு அது தேவையில்லை. இன்றிலிருந்தே உங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் காலியாகும் பாட்டில்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, மீதி நிற்கும் பசை மேல் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். கழுத்தில் சணல் கயிறு நாலு சுற்று, அவ்வளவுதான். ஜாடிக்கு லேஸ், ரிப்பன், மரப் பட்டன், இதயம் என்று ஒட்டிக்கொண்டே போனால் அதன் எளிமை கெட்டுப்போகும்.

மேசைக்கு மூன்று ஜாடி, வெவ்வேறு உயரத்தில். பூவோடு சேர்த்து உயரம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் எதிரே இருப்பவர் முகம் மறையும், விருந்தினர்களே எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள்.

தகர டின்னில் விளக்கு செய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை, குழந்தைகளுக்கும் பிடிக்கும். காலி டின்னில் ஓட்டை போடப் போனால் தகரம் உள்ளே நசுங்கும். அதற்கு வழி, டின்னில் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே வரை தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து முழுதாக உறையவிடுவது. உள்ளே ஐஸ் தாங்கிப் பிடிக்கும். ஒரு தாளில் புள்ளி வைத்து வேண்டிய வடிவம் வரைந்து, டின்னைச் சுற்றி ஒட்டி, மடித்த துண்டின் மேல் படுக்கவைத்து ஆணியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாகத் தட்டுங்கள். ஐஸ் விரிவதால் அடிப்பாகம் கொஞ்சம் புடைத்திருக்கும், உருகிய பிறகு கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால் சரியாகும். உடனே துடைத்துக் காயவைக்காவிட்டால் ஓட்டைகளில் துரு ஏறும். உள்ளே சின்ன விளக்கை வைத்தால் சுவரில் விழும் புள்ளி வெளிச்சம் அத்தனை அழகாக இருக்கும்.

மரக் கிளையைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டுகளைப் பலரும் கேட்கிறார்கள். பச்சை மரத்தில் அறுத்தால் பெரும்பாலும் மையத்திலிருந்து விளிம்பு வரை வெடிக்கும். காயும்போது மரம் மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிட வளையங்களின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அந்த இழுப்புதான் காரணம். ஏற்கெனவே விழுந்து காய்ந்த கிளையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் அறுப்பது நல்லது. மெல்லிய வெடிப்பு விட்டால் விட்டுவிடுங்கள், இந்த பாணியில் அது குறையே அல்ல. ஆனால் குண்டூசி முனை அளவு ஓட்டையும் அதனடியில் புதுத் தூளும் தெரிந்தால் அந்தத் துண்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், பூச்சி உயிரோடு இருக்கிறது.

சரக்கு ஏற்றும் பேலட் பலகைகள் பல இடங்களில் கேட்டால் கிடைக்கும். மணமக்களுக்குப் பின்னால் நிறுத்த, வரவேற்புப் பலகை எழுத எல்லாவற்றுக்கும் ஆகும். எடுப்பதற்கு முன் அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்களில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்தோடு இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். 'எச்.டி.' (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு அடித்தது, வேண்டாம். எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் முத்திரை எதுவானாலும் வேண்டாம்.

இப்போது வெளிச்சம். பூவில் பாதியைக் குறைத்தாவது இதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்பேன். சணலும் மரமும் வெள்ளை ட்யூப் லைட் வெளிச்சத்தில் கோடவுன் மாதிரி தெரியும். அதே பொருள் மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் ஆளே மாறிவிடும். எல்.இ.டி. சீரியல் செட் வாங்கும்போது 2700 கெல்வின் அல்லது 'வார்ம் ஒயிட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, எல்லாமே ஒரே வகையாக வாங்குங்கள். ஒன்று நீலச்சாயல், ஒன்று மஞ்சள் என்று கலந்தால் எல்லாப் படத்திலும் உறுத்தும். திறந்தவெளி என்றால், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐ.பி. 44 (IP44) தரமாவது இருக்க வேண்டும். இடத்தின் வழக்கமான விளக்குகளில் எவற்றை அணைக்க முடியும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதை அணைக்க முடியாவிட்டால் சீரியல் செட் எடுபடாது.

நெருப்பு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். சணல், காய்ந்த புல், காய்ந்த பூ எல்லாம் சட்டென்று பற்றும். மெழுகுவத்தி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆழமான ஜாடிக்குள், அடியில் மணல் போட்டு, ஜாடிக்கு வெளியே கயிறு கட்டாமல், இலைகளிலிருந்து தள்ளி வையுங்கள். குழந்தைகள் ஓடும் இடத்தில் பேட்டரி மெழுகுவத்தியே போதும். தகர டின்னுக்குள் வைத்தால் வித்தியாசமே தெரியாது.

இலையும் பூவும் பற்றி: பூவை விட இலைக்குச் செலவு குறைவு, நிறைவு அதிகம். காலையில் வெட்டி, காம்பைச் சாய்வாக நறுக்கி, ஒரு இரவு முழுதும் வாளித் தண்ணீரில் நிற்கவிட்டு மறுநாள் பயன்படுத்துங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அழுகி நாறும். காய்ந்த பூ வேண்டுமென்றால் சிறு கட்டாகக் கட்டி, தலைகீழாக, வெயில் படாத காற்றோட்டமான அறையில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால் நிறம் ஓரளவு நிற்கும். தடித்த இலைகளை ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீர் கலந்த கரைசலில் காம்பை வைத்து விட்டால், நிறம் பழுப்பாக மாறினாலும் நொறுங்காமல் பல மாதம் வரும். அப்புறம், தெரியாத செடியை வெட்டிச் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். அரளி அழகாக இருக்கும், ஆனால் முழுச் செடியும் விஷம்.

பண்டிகைக்கு இதையே எப்படி மாற்றுவது என்றால், அடித்தளம் அப்படியே இருக்கட்டும், நிறம் மட்டும் மாறட்டும். கல்யாணத்தில் வெள்ளைப் பூ நின்ற ஜாடியில் பண்டிகைக்குச் சிவப்புக் காய்க் கொத்தோ காய்ந்த கதிரோ நிற்கலாம். சணல் பட்டையை ஜன்னல் மேல் போடலாம், மீதித் துணியில் சின்னப் பைகள் தைத்துப் பரிசு கட்டலாம். பைன் காய் கிடைத்தால் நன்றாகக் கழுவுங்கள். ஈரம் பட்டதும் மூடிக்கொள்ளும், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், காய்ந்ததும் தானே விரியும். பிறகு ஓவனில் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் அரை மணி நேரம், பக்கத்திலேயே நின்று பார்த்தபடி வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் பூச்சி போய்விடும்.

ஏணி, பழைய டிரங்குப் பெட்டி, மரக் கூடை, அரிக்கேன் விளக்கு இவற்றையெல்லாம் வாங்காமல் இரவல் கேளுங்கள். யாருடையது என்று அடியில் சீட்டு ஒட்டுவது கட்டாயம். ஒரு மாதம் முன்பே ஒரே ஒரு மேசையை வீட்டில் முழுதாக அமைத்து, கடிகாரம் பார்த்து, இருட்டிய பிறகு ஃபோனில் படம் எடுத்துப் பாருங்கள். ஒரு மேசைக்குக் கால் மணி நேரம் என்றால் பத்து மேசைக்கு ஒருவருக்கு இரண்டரை மணி. எத்தனை கைகள் வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொரு ஆளையும் முன்கூட்டியே நியமியுங்கள்: எல்லாம் முடிந்த இரவில் பிரித்து எடுப்பவர். பலரும் இதை மறந்துவிடுவதால்தான் பண்டிகைக்குப் பொருள் மிஞ்சுவதில்லை. ஜாடித் தண்ணீரைக் கொட்டி உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி வைக்க வேண்டும். சீரியல் செட்டை ஒவ்வொன்றாக அட்டையில் சுற்றி, எரிகிறதா என்று பார்த்த பிறகே பெட்டிக்குள் போட வேண்டும். சணலை மட்டும் ஈரத்தோடு மடித்துவிடாதீர்கள், பூஞ்சணம் பிடித்தால் அந்தக் கறையும் வாடையும் போகாது. மறுநாள் நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் அட்டைக் குழாயில் சுருட்டி வைத்தால், அடுத்த விசேஷத்துக்கு இஸ்திரி போடும் வேலையும் மிச்சம்.