கூகுளுக்கு என் வலைப்பூவைத் தெரியவே இல்லை!

இந்த மாதம் வந்த தொழில்நுட்பக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். வலைப்பூ தொடங்கியாச்சு, எழுதியாச்சு, தேடினால் மட்டும் வருவதில்லை. நாலு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாலு மாதம் முன்பு பிளாக்கரில் செட்டிநாட்டுப் பலகாரங்களுக்காக ஒரு வலைப்பூ தொடங்கினேன். 22 பதிவுகள் போட்டுவிட்டேன். கந்தரப்பம் என்று தேடினாலும் வரவில்லை, என் வலைப்பூவின் பெயரையே போட்டுத் தேடினாலும் வரவில்லை. வாட்ஸ்ஆப்பில் லிங்க் அனுப்பினால் சொந்தக்காரர்கள் படிக்கிறார்கள், அவ்வளவுதான். (ஒரு வாசகி, தேவகோட்டை)

இதில் இரண்டு பிரச்சினை கலந்து கிடக்கிறது சகோதரி, முதலில் பிரித்துவிடுவோம். கந்தரப்பம் என்று தேடி நீங்கள் வராவிட்டால் அது போட்டி. ஏற்கெனவே எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், யூடியூப் வீடியோக்கள் வேறு மேலே உட்கார்ந்திருக்கும். ஆனால் சொந்தப் பெயரைப் போட்டும் வரவில்லை என்றால் கூகுளின் பட்டியலிலேயே நீங்கள் இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கூகுள் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வலைப்பூ முகவரியை ஒட்டிப் போடுங்கள். பதிவுகள் வரிசையாக வந்தால் பட்டியலில் இருக்கிறீர்கள். ஒன்றுமே வராவிட்டால் பிளாக்கரின் அமைப்புகளுக்குப் போய் தனியுரிமைப் பகுதியைப் பாருங்கள். தேடுபொறிகளுக்கு வலைப்பூ தெரியலாமா என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் நீங்கள் எத்தனை பதிவு போட்டாலும் வெளியே தெரியாது. வேர்ட்பிரஸ்காரர்களுக்கு இதே சமாச்சாரம் ரீடிங் என்ற அமைப்பில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு கட்டமாக இருக்கிறது. என்னுடைய முதல் வலைப்பூவை, எல்லாம் அழகாக முடியட்டும் அப்புறம் காட்டலாம் என்று அந்தக் கட்டத்தில் டிக் போட்டுத்தான் தொடங்கினேன், எடுக்க மறந்துபோய் ஐந்து மாதம் கூகுளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சுவிட்ச் சரியாக இருந்தால் அடுத்தது கூகுள் சர்ச் கன்சோல், நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. இதற்குக் காசு கிடையாது. பிளாக்கருக்கு வைத்திருக்கும் அதே கூகுள் கணக்கில் நுழைந்து வலைப்பூவைச் சேருங்கள், சைட்மேப் என்ற இடத்தில் உங்கள் சைட்மேப்பின், அதாவது பதிவுகளின் முகவரிகளைத் தொகுத்த கோப்பின், முகவரியைக் கொடுங்கள். பிளாக்கரே அதைத் தயாராக வைத்திருக்கும், நீங்கள் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. முக்கியமான நாலைந்து பதிவுகளின் முகவரியை மட்டும் மேலே இருக்கும் பெட்டியில் போட்டு, பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு தடவை கேட்டால் போதும், பத்து தடவை அழுத்தினாலும் வேகம் கூடாது. சில நாளிலும் நடக்கும், சில வாரமும் ஆகும்.

சரி, பட்டியலில் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் நிஜமான வேலை. நீங்கள் அனுப்பிய பதிவுகளைப் படித்தேன், கந்தரப்பம் பதிவுக்கு 'அப்பத்தா மடியில் ஒரு மழைக்காலம்' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். நல்ல தலைப்புதான், எனக்கே படிக்கத் தோன்றியது. ஆனால் மாவு கரைத்து வைத்துவிட்டு அப்பம் எண்ணெயில் பிரிந்து போகிறதே என்று பதறிப்போய் போனை எடுப்பவர் அப்பத்தாவையும் மழையையுமா தட்டுவார்? 'கந்தரப்பம் பிரிந்து போகிறது ஏன்' என்றுதான் தட்டுவார். பதிவின் பெயர் அவர் வாயில் வரும் சொல்லாக இருக்க வேண்டும். மழைக்காலத்தைத் தூக்கிப் போட வேண்டாம், முதல் பத்தியில் தாராளமாகப் பெய்யட்டும். அதைவிட முக்கியம், அளவுகளையும் பக்குவத்தையும் படமாகப் போட்டிருக்கிறீர்களே, பூப்போட்ட பின்னணியில். அதை எழுத்தாகவே தட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் வர முடியாது. படத்துக்கு மாற்று உரை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 'நெய்யில் வேகும் கந்தரப்பம்' என்ற மாதிரி ஒரு வரி எழுதினால் படத் தேடலிலும் ஆள் வரும்.

இன்னொன்று, இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே வருகிற தொல்லை. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் அதைப் பதிவின் முகவரியில் சேர்க்காமல் 'பிளாக் போஸ்ட்' என்று ஒரு பெயரும் எண்ணும் வைத்துவிடும். உங்கள் 22 பதிவுக்கும் அப்படித்தான் இருக்கிறது. வெளியிடுவதற்கு முன்னால் பக்கவாட்டில் நிரந்தர இணைப்பு என்ற இடத்தில் கந்தரப்பம் என்று ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். முகவரியில் இருக்கும் சொல்லுக்காக மட்டும் கூகுள் ஒருவரைத் தூக்கி மேலே வைத்துவிடாது, அதற்குக் கிடைக்கும் மதிப்பு கொஞ்சம்தான். ஆனாலும் நம் ஆட்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள், வாட்ஸ்ஆப்பில் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். வேர்ட்பிரஸில் கதை வேறு. அது தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும், ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 இடம் பிடிக்கும், மொத்தம் 200 இடம்தான். நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். பழைய பதிவுகளின் முகவரியை மட்டும் இப்போது மாற்றாதீர்கள், ஏற்கெனவே அனுப்பிய லிங்கெல்லாம் செத்துவிடும்.

ஒரு மாதம் கழித்து சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து பாருங்கள். எந்தெந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கத்தைக் கூகுள் காட்டியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று இருக்கும். யாரோ 'கும்மாயம்' என்று தேடியதற்கு உங்களை நாற்பதாவது இடத்தில் காட்டியிருப்பார்கள், நீங்களோ எங்கோ ஒரு வரியில்தான் கும்மாயத்தைத் தொட்டிருப்பீர்கள். உடனே கும்மாயத்துக்குத் தனிப் பதிவு எழுதுங்கள். அடுத்து என்ன எழுதலாம் என்று வாசகரே சொல்கிறார், இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன். இருபது வருடமாக பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய இலக்கணக் கட்டுரைகளை, பேரன் திறந்து தந்த வலைப்பூவில் ஒட்டினேன். என் கணினியில் வடிவாகத் தெரிகிறது. கனடாவிலுள்ள மகள் போனில் பார்த்தால் ஆங்கில எழுத்துகளாம். கூகுளிலும் ஒன்றும் வருவதில்லை. (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

ஐயா, மகள் பார்ப்பதைத்தான் கூகுளும் பார்க்கிறது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ் முகமூடி. அதில் 'தமிழ்' என்று நீங்கள் அடித்தால் கணினியின் மனதில் பதிவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துருவை நிறுவியிருக்கும் உங்கள் கணினிக்கு மட்டும் அது தமிழ். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமில்லை, தமிழ்நாட்டில் 1999-ல் எழுத்துருக்களுக்கு டாம், டாப் என்று இரண்டு தரம் வைத்தார்கள், எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை அரசு தரமாக ஏற்றது 2010-ல்தான். அதற்குள் மலைமலையாக எழுதிக் குவித்தாயிற்று.

பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் மாற்றித் தரும். ஒரு எச்சரிக்கை, கட்டுரை நடுவே நிஜமாகவே ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் அதையும் தமிழாக நினைத்து உளறலாக்கிவிடும், மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சில இடத்தில் பிசகும். ஆகவே முழுத் தொகுப்பையும் ஒரே மூச்சில் மாற்றாமல் ஒவ்வொரு கட்டுரையாக மாற்றி, ஒரு தடவை திருத்திப் போடுங்கள். உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதுகிறவர் நீங்கள், தேடுகிற மாணவனோ 'வேற்றுமை தொகை' என்று த் இல்லாமல்தான் தட்டுவான். அதற்காக நீங்கள் பிழையாக எழுத வேண்டாம். தலைப்பில் 'வேற்றுமைத் தொகை என்றால் என்ன? எடுத்துக்காட்டுகள்' என்று அவன் கேள்வியை வைத்தால் போதும்.

கேள்வி: 30 நாளில் முதல் பக்கம் உத்தரவாதம், 500 பேக்லிங்க் சேர்த்து 8,000 ரூபாய் என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

பேக்லிங்க் என்பது வேறு தளங்களிலிருந்து நம் பக்கத்துக்கு வரும் லிங்க். லிங்குக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. கூகுள் பிறந்ததே அந்த யோசனையில்தான், 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும், நல்ல பக்கங்கள் கைகாட்டும் பக்கம் நல்ல பக்கமாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். உடனே கைகாட்டுவதற்கே கூலிக்கு ஆள் கிளம்பிவிட்டது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படிப்பட்ட தளங்களைக் கீழே இறக்கினார்கள். இப்போது அந்த 500-ஐப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், கையும் களவுமாகப் பிடித்தால் தண்டனையும் உண்டு. அடுத்தவர் பதிவுக்குப் போய் 'அருமை, என் தளத்துக்கும் வாருங்கள்' என்று போடுவதும் வீண்தான், பின்னூட்ட லிங்குகளைக் கணக்கில் எடுக்காமலிருக்க 2005-லேயே வழி செய்துவிட்டார்கள்.

முன்பு நமக்குத் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்தன, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்கள். எழுதிய அரை மணியில் நாலு பேர் வந்து சண்டையாவது போடுவார்கள். அந்த வசதி போனபிறகு நாமேதான் கதவைத் தட்ட வேண்டும். நீங்கள் பின்னலாடை பற்றி எழுதுகிறீர்கள், திருப்பூரிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் என்றால் என்ன, துணி சுருங்குவதை எப்படிக் கணக்கிடுவது என்று தமிழில் விளக்கமாக எழுதினால், டெக்ஸ்டைல் படிக்கிற பிள்ளைகளும் வாத்தியார்களும் அவர்களாகவே பகிர்வார்கள். அப்படி வரும் பத்து லிங்குக்கு முன்னால் அந்த ஐந்நூறு நிற்காது. ஆனால் 30 நாளில் நடக்காது, நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெட்டா கீவேர்ட்ஸ் கட்டத்தில் எத்தனை சொல் போடலாம்? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

ஒன்றும் வேண்டாம். பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சொல்ல, வாசகர் கண்ணில் படாமல் சொற்களைப் போட்டுவைக்கும் கட்டம் அது. அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. பக்கத்திலேயே விவரிப்பு என்று இன்னொரு கட்டம் இருக்கும், அதில் இரண்டு வரி எழுதுங்கள். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே பல நேரம் அதைத்தான் காட்டுவார்கள்.