வற்றாப்பளைப் பொங்கலுக்கு எந்தக் கமரா?
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: பத்து வருடமாகப் படம் எடுக்கிறேன். ஏ.பி.எஸ்-சி கமரா ஒன்றும் மூன்று லென்ஸும் இருக்கின்றன. பை கனம் என்பதால் முக்கால்வாசி நாள் அது வீட்டு அலுமாரியில்தான். சிறிய ஃபுல் ஃபிரேம் கமராவுக்கு மாறலாமா? அவ்வளவு காசு கொடுக்கும்படி அதில் என்ன இருக்கிறது?
– ஓர் ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: மாறலாம், ரீச்சர். வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் தகடான சென்சர் உங்கள் ஏ.பி.எஸ்-சி கமராவில் சிறியது, ஃபுல் ஃபிரேமில் பெரியது. நான் மாறி ஆறு வருடமாகிறது. கனடாவில் இருக்கும் மச்சான் பாவித்த சோனி ஆர்.எக்ஸ்-1 ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். 2012இல் வந்த பழைய கமரா. 24 மெகாபிக்சல், கழற்ற முடியாத 35 மி.மீ. எஃப்-2 லென்ஸ் (எஃப் எண் சிறிதென்றால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்), பற்றரியோடு 482 கிராம். அதற்கு முதல் நான் தூக்கித் திரிந்த கமராவும் லென்ஸும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். இப்போது மோட்டார் சைக்கிளில் ஏறும்போது மழைக்கோட்டோடு சேர்த்து இதையும் பைக்குள் வைத்துவிடுவேன். வயலுக்குப் போனாலும் சரி, செத்தவீட்டுக்குப் போனாலும் சரி, கமரா கூட வரும்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வீதியில் இரவில் நிற்கும் சனத்தின் முகத்தில் விழுவது கற்பூர வெளிச்சமும் தூரத்து மின்குமிழ் வெளிச்சமும்தான். அங்கே ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வராது. எஃப்-2, 1/60 செக்கன், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 என்று வைத்து எடுப்பேன். ஃபுல் ஃபிரேம் சென்சர் 36க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. உங்கள் ஏ.பி.எஸ்-சி சென்சரைப்போல ஏறக்குறைய 2.3 மடங்கு. ஓர் அங்குலச் சென்சர் என்று விற்கும் சின்னக் கமராக்களின் சென்சர் வெறும் 116 சதுர மி.மீ. பெரிய முற்றத்தில் கூடுதலாக மழை விழுவதுபோலப் பெரிய சென்சரில் கூடுதலாக வெளிச்சம் விழும். அதனால் நான் 6400இல் எடுக்கும் படத்தில் மணல்போல வரும் இரைச்சல், உங்களுடைய கமராவில் 2800 அளவில் வருகிற இரைச்சலாகத்தான் இருக்கும். காவடிக்காரரின் வியர்வையும் தோலும் தோலாகவே தெரியும், மா பூசியதுபோல இராது. கைபேசி இரவில் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கித் தருவது நல்ல வித்தைதான். ஆனால் ஆடுகிற சுவாலையும் ஆடுகிற மனிதரும் அந்த அடுக்கலில் கரைந்துவிடுவார்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. வன்னியில் பெரிய கமராவைத் தூக்கினால் சனம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எந்த நிறுவனம், தம்பி?" போர் முடிந்த பிறகு எத்தனை பேர் பெரிய கமராவோடு வந்து, முகத்துக்கு நேரே நீட்டி, படத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வராமலே போனார்கள்! அதனால் பெரிய லென்ஸைக் கண்டதும் ஆட்கள் ஒன்றில் முகத்தைத் திருப்புவார்கள், இல்லாவிட்டால் கண்ணீர்க் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். இரண்டும் அவர்களுடைய இயல்பான முகம் அல்ல. அளம்பில் கரையில் கரைவலை இழுப்பவர்களிடம் இந்தச் சின்னக் கமராவைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டேன். "இதில படம் விழுமோ?" என்று சிரித்துவிட்டு வலையை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் இல்லை, ஓர் இலை விழுந்ததுபோல. அந்த ஷட்டரால் இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண கமராக்களில் 1/200 அல்லது 1/250 செக்கனுக்கு மேல் ஃபிளாஷ் முழுப் படத்திலும் சரியாக விழாது. இதில் 1/2000 வரை விழும். உச்சி வெயிலில் தொப்பி போட்டு அரிவு வெட்டுகிறவரின் கண் தெரிய வேண்டுமானால், பின்னால் வானம் வெளுக்காமல் சின்ன ஃபிளாஷ் ஒன்றாலேயே எடுத்துவிடலாம்.

மூன்றாவது, அச்சு. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது என் ஸ்ரூடியோவின் நெகட்டிவ் பெட்டிகளை விட்டுவிட்டுத்தான் போனேன். எல்லா வீட்டு அல்பங்களும் அப்படித்தான் போயின. இன்றைக்கும் ஆட்கள் அடையாள அட்டையில் இருக்கிற முத்திரை அளவுப் படத்தைக் கொண்டுவந்து, "அம்மாவின் படம் இது ஒன்றுதான், பெரிதாக்கித் தாருங்கோ" என்கிறார்கள். பெரிதாக்கினால் கண் இரண்டும் கறுப்புப் பொட்டாகத்தான் வரும். அதனால்தான் போகிற வீட்டுக் கிழவன் கிழவியையெல்லாம் உடனுக்குடன் நல்ல கமராவில் எடுத்து வைக்கிறேன். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 20 அங்குல அகலத்தில் சுவரில் மாட்டலாம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஆர்.எக்ஸ்-1இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, தனியாக வாங்கி மேலே பூட்ட வேண்டும். இருட்டில் ஃபோகஸ் தேடும். ஒரு பற்றரியில் 270 படம் அளவில்தான் எடுக்கலாம், நான் நான்கு வைத்திருக்கிறேன். எனக்குப் பெரிய தலையிடி தூசி. லென்ஸ் கழராததால் தூசி உள்ளே போகாது என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒட்டுசுட்டான் பக்கக் கிரவல் றோட்டில் இரண்டு கோடை ஓடியபின், வானத்தில் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. லென்ஸ் கழராதபடியால் உள்ளே இருப்பதை நாமாகத் துடைக்கவும் முடியாது. கொழும்பில் ஒரு கடைக்குக் கொடுத்து ஏழு வாரம் கமரா இல்லாமல் இருந்தேன். தூசிக்கும் தூறலுக்கும் அடைப்பு வைத்த லைக்கா கியூ-2 (2019) போன்றவை இதில் மேல். ஆனால் அதன் விலைக்கு ஒரு உழவு இயந்திரம் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: லென்ஸ் மாற்றக்கூடிய சிறிய ஃபுல் ஃபிரேம் நல்லதா, ஒட்டிய லென்ஸா?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: ஒரே லென்ஸோடு வாழ முடியுமா என்று உங்களுக்கே தெரியாவிட்டால், மாற்றக்கூடியதையே வாங்குங்கள். சோனி ஏ-7சி (2020) 509 கிராம், கனன் ஆர்-8 (2023) 461 கிராம். பழைய கனன் ஆர்.பி. (2019) 485 கிராம், பாவித்ததாகக் கிடைத்தால் கைக்கு அடங்கும் விலை. ஆனால் கமராவின் கனத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சென்சர் பெரிதென்றால் அது முழுவதிலும் வெளிச்சம் விழ லென்ஸும் பெரிதாக வேண்டும். கனனின் 24-70 எஃப்-2.8 லென்ஸ் மட்டுமே 900 கிராம். அதைப் பூட்டினால் திரும்பவும் பை அலுமாரிக்குத்தான் போகும். அதே கனன் கமராவில் 120 கிராம் 28 மி.மீ. எஃப்-2.8 லென்ஸையோ 160 கிராம் 50 மி.மீ. எஃப்-1.8 லென்ஸையோ போட்டால் எல்லாம் சேர்த்து அறுநூறு கிராம் அளவில்தான். இந்த இரண்டில் ஒன்றோடு ஒரு மாரி முழுக்க எடுத்துப் பாருங்கள். மற்ற லென்ஸ் எதற்கும் கை போகவில்லை என்றால் ஒட்டிய லென்ஸ் கமரா உங்களுக்கு ஒத்துவரும்.

கேள்வி: சுண்டிக்குளத்துப் பறவைகளை எடுக்க இது சரிவருமா?
– ஒரு மாணவர், தருமபுரம்

பதில்: வராது, தம்பி. 35 மி.மீ. லென்ஸில் செங்கால் நாரை ஒரு அரிசிமணி அளவில்தான் விழும். உங்களுக்கு வேண்டியது நீள லென்ஸ். இப்போதைக்கு ஏ.பி.எஸ்-சி கமராவே நல்லது, அதில் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. போல நெருங்கிக் காட்டும்.

கேள்வி: கலியாணவீடு, சாமத்தியவீடு எடுத்துப் பிழைக்கிறேன். கனத்தைக் குறைக்க ஆர்-8 அல்லது ஏ-7சிக்குப் போகலாமா?
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: இரண்டாவது கமராவாக வைத்திருங்கள். நம்பி நிற்கும் முதல் கமராவாக வேண்டாம். இரண்டிலும் மெமரி காட் ஒன்றுதான் போடலாம். பல வருடத்துக்கு முன் பரந்தனில் ஒரு சாமத்தியவீட்டில் என் காட் பழுதாகி, ஆலாத்தி எடுத்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாங்கிய காசை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தாய் காசை வாங்கவில்லை, "பிள்ளை இன்னொரு தரமா பெரியபிள்ளை ஆகப்போகுது?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு இரண்டு காட் போடும் கமராவைத்தான் கொண்டுபோகிறேன், எவ்வளவு கனமென்றாலும். சின்னது தோளில் கிடக்கும், சமையல் கொட்டிலுக்குள் போக.