ஆர்பிஜி கேம்களில் எது முக்கியம்: ஸ்கில் லெவலா, பெர்க்கா?

கேள்வி கேட்டவர் ஸ்கைரிம் என்ற ஆர்பிஜியை (ஒரு கேரக்டரை வளர்த்து ஆடும் கேம்) ஆட ஆரம்பித்து லெவல் 14 வரை வந்திருக்கிறார். ஸ்கில்லை (ஒரு வேலையைச் செய்யச் செய்ய ஏறும் திறமை எண்) 100 வரை ஏற்றினால் போதாதா, பெர்க்குகளுக்கு (லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளியைக் கொடுத்து எடுக்கும் சிறப்புச் சலுகைகள்) இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

போதாது. ஸ்கைரிமைப் பொறுத்தவரை பெர்க்தான் முக்கியம். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கேள்வியில் உள்ள அதே எண்ணத்தோடு ஒரு கேரக்டரை 2012-ல் வளர்த்து, நடுவழியில் மாட்டிக்கொண்டவன் நான். நீங்களும் அநேகமாகப் புள்ளிகளைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருப்பீர்கள். தப்பான இடத்தில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாதே என்ற பயம் இருக்கும். எனக்கும் அதே பயம்தான். அப்போது உண்மையிலேயே திரும்ப எடுக்க வழி கிடையாது.

கல்லூரி விடுதியில், செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் ஆடியது. நோர்டு இனம், ஒரு கையில் வாள், இன்னொரு கையில் கேடயம். வைட்ரன் நகரக் கதவுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கும் அல்லவா, அங்கேயே நின்று இரும்புக் குத்துவாள் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு இரும்புக் கட்டி, ஒரு தோல் வார், ஒரு குத்துவாள். அடித்ததற்கெல்லாம் என்சான்ட் (மந்திர சக்தி) ஏற்றுவது, விற்பது, மறுபடி இரும்பு வாங்குவது. ஸ்மித்திங் (கொல்லு வேலை) 100, என்சான்டிங் 100, ஸ்பீச் (பேச்சு, பேரம்) 60. கேரக்டர் லெவல் 31. எண்களைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் கிடைத்த 30 பெர்க் புள்ளிகளில் 26 அப்படியே கிடந்தன. எல்லா ஸ்கில்லும் 100 ஆனபிறகு மொத்தமாகத் திட்டம் போட்டுச் செலவழிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

இதில் இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரியவில்லை.

முதலாவது, ஸ்மித்திங் 100 இருந்தாலும் ஸ்டீல் ஸ்மித்திங் பெர்க் இல்லாவிட்டால் ஒரு சாதாரண ஸ்டீல் வாளைக்கூட நம்மால் அடிக்க முடியாது. அந்தப் பெர்க்குக்கு ஸ்கில் தகுதியே தேவையில்லை, முதல் நாளே எடுக்கலாம். என்சான்டிங்கும் அப்படித்தான். 100 தொட்டாலும் ஒரு பொருளில் இரண்டு சக்தி ஏற்ற அதற்குரிய பெர்க் வேண்டும்.

இரண்டாவதுதான் கழுத்தை அறுத்தது. எந்த ஸ்கில் ஏறினாலும் கேரக்டர் லெவலும் ஏறும். ஸ்மித்திங்கை மட்டும் அடியிலிருந்து 100-க்குக் கொண்டுபோனாலே ஏறக்குறைய 17-ஆம் லெவலுக்கு வந்துவிடுவோம். நம் லெவலைப் பார்த்துத்தான் கல்லறைகளில் எதிரிகளை இறக்குகிறது கேம். நாம் பட்டறையில் நின்று லெவல் ஏறினோமா, வாள் பிடித்து ஏறினோமா என்று அது பார்ப்பதில்லை.

லேபிரிந்தியன் என்று ஒரு இடம். மந்திரக் கல்லூரிக் கதையில் அங்கே போக வேண்டிவரும். உள்ளே போகப் போக ஒரு குரல் பேசும், பேசும்போதெல்லாம் நம் மேஜிக்காவை (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) உறிஞ்சும். அதை ஒருவழியாகக் கடந்தேன். அப்புறம் ஒரு குறுகலான பாதையில் டிராகர் டெத்லார்டு என்ற பிணவீரன் எழுந்து வந்தது. நீல நிறத்தில் கண்கள், கையில் கறுப்பு எபனி வாள். நான் அடிக்கிறேன், அடிக்கிறேன், அதன் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு நகரவே இல்லை. பிறகு அது வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தது. என் கையிலிருந்த வாள் பறந்துபோய் எங்கேயோ இருட்டில் விழுந்தது. வெறும் கேடயத்தோடு நின்றேன். ஏழெட்டு முறை லோடு செய்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் சாவுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்-ஹேண்டட் (ஒரு கை ஆயுத) ஸ்கில் ஒரு புள்ளி ஏறினால் டேமேஜ் அரை சதவீதம் கூடும். என்னிடம் 40 இருந்தது, அதாவது 1.2 மடங்கு. இன்னும் நூறு மணி நேரம் ஆடி 100 ஆக்கினாலும் 1.5 மடங்குதான். அதே ஸ்கில்லுக்கான ஆர்ம்ஸ்மேன் பெர்க்கோ ஒரு படிக்கு 20 சதவீதம், மொத்தம் ஐந்து படி. ஸ்கில் 40-ல் மூன்று படிகள் எடுக்கலாம். 1.2-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 1.92. ஸ்கில்லை மட்டும் ஏற்றி எத்தனை வருடம் ஆடினாலும் தொட முடியாத எண்ணை, மூன்று புள்ளிகளைப் போட்ட அந்த நிமிடமே தொட்டுவிடலாம்.

அதே சேவ் ஃபைலைத் திறந்தேன். ஆர்ம்ஸ்மேனில் மூன்று. கேடயத்துக்கான பெர்க்கில் இரண்டு, அதன் மேலே குவிக் ரிஃப்ளெக்சஸ். எதிரி ஓங்கி அடிக்க வரும்போது கேடயத்தைத் தூக்கிப் பிடித்திருந்தால் நேரம் மெதுவாகும், அதற்கு பிளாக் (அடியைத் தடுக்கும் ஸ்கில்) 30 இருந்தால் போதும். மீதியில் பாதியைக் கவசத்துக்குப் போட்டேன். அதே வாள், அதே லெவல், அதே ஆறு மருந்துக் குப்பிகள். டெத்லார்டு வாளை ஓங்கியபோது உலகமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் மெதுவானது. பக்கவாட்டில் நகர்ந்து வெட்டினேன். அது விழுந்தபோது இரண்டு குப்பிகள் மிச்சம் இருந்தன. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த கேரக்டர் இப்போது என்னிடம் இல்லை. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுவருடம் மடிக்கணினியில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று எங்கள் ஊரில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஃபேனை மட்டும் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போனால், "ஓ.எஸ். புதுசா போட்டுட்டோம் தம்பி, இனிமே வேகமா இருக்கும்" என்றார்கள். கேட்காமலே ஃபார்மேட். கேம் டி டிரைவில் பத்திரமாக இருந்தது. சேவ் ஃபைல்களெல்லாம் சி டிரைவில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தவை, 140 மணி நேரம், போய்விட்டது. அதற்கு 500 ரூபாய் கூலி வேறு. ஃபேன் சத்தம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. வாடிக்கையாளரின் பொருளில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எப்படித் தெரியாமல் போகும்? உங்கள் சேவ் ஃபைலை இன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். "எல்லா ஆர்பிஜியும் ஸ்கைரிம் இல்லை" என்று ஒருவர் கீழே எழுதுவார். உண்மைதான், நானே சொல்கிறேன். 2010-ல் வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸில் என் பதில் அப்படியே தலைகீழ். அதில் இரண்டு லெவலுக்கு ஒரு பெர்க்தான். பூட்டோ, கம்ப்யூட்டரோ, பேச்சோ, எல்லாமே எண்ணைத்தான் கேட்கும். லாக்பிக் 74 இருந்தால் 75 கேட்கும் பூட்டில் கை வைக்கவே விடாது. கடைசியில் லீகேட் லேனியஸ் என்ற படைத்தலைவன் முன்னால் நின்று பேசியே அவனைத் திருப்பி அனுப்ப ஸ்பீச்சோ பார்ட்டரோ (வியாபார ஸ்கில்) 100 வேண்டும், அங்கே எந்தப் பெர்க்கும் அந்த எண்ணுக்கு ஈடாகாது. ஸ்கைரிமுக்கு முன் வந்த ஓப்ளிவியனில் இந்தச் சண்டையே இல்லை. 25, 50, 75, 100 என்று ஸ்கில் தொடும்போது அதற்குரிய சலுகை தானாகவே வந்துவிடும். ஃபால்அவுட் 4-ல் ஸ்கில் எண்ணையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பெர்க் ஆக்கிவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றில் தேறிவருகிற உணர்வு போய்விடுகிறது.

ஸ்கைரிமுக்குள்ளேயும் ஒரு விதிவிலக்கு உண்டு. லாக்பிக்கிங். மாஸ்டர் பூட்டைக்கூடப் பெர்க் இல்லாமல் கைப்பழக்கத்தில் திறந்துவிடலாம், அதில் புள்ளி போடாதீர்கள். டெஸ்ட்ரக்ஷன் (நெருப்பு போன்ற தாக்கும் மந்திரங்கள்) இதற்கு நேர் எதிர். ஸ்கில் ஏறினால் மேஜிக்கா செலவுதான் குறையும், நெருப்பின் டேமேஜ் ஒரு துளிகூட அதிகரிக்காது. டேமேஜ் அதிகரிக்க பெர்க் வேண்டும். மாட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போட்டு பெர்க் மரத்தையே மாற்றி ஆடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களோடு நான் வாதாடவும் வரவில்லை.

திரும்ப எடுக்க முடியாதே என்ற பயம் இப்போது தேவையில்லை. 2013-ல் வந்த 1.9 அப்டேட்டுக்குப் பிறகு, 100 தொட்ட ஸ்கில்லை லெஜண்டரி ஆக்கினால் அது 15-க்கு இறங்கும், அதில் போட்ட புள்ளிகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். டிராகன்பார்ன் என்ற கூடுதல் பகுதியின் (டி.எல்.சி.) கதையை முடித்தால் ஒரு டிராகன் ஆன்மாவைக் கொடுத்தும் திரும்ப எடுக்கலாம்.

நீங்கள் வாளா வில்லா என்று சொல்லவில்லை. வாள் என்றால், கேமைத் திறந்ததும் ஆர்ம்ஸ்மேனில் இரண்டு படி போடுங்கள், ஒன்-ஹேண்டட் 20 இருந்தால் போதும். 40 ஆனதும் மூன்றாவது. அதுவரை பட்டறைப் பக்கம் போகாதீர்கள்.