பழைய அம்பாசிடர் ஏன் தூக்கிப் போடுகிறது?

கேள்வி: 1978 மார்க் 3 வைத்திருக்கிறேன். வேகத்தடை ஏறினால் பின்சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடிக்கிறது. பின் ஸ்ப்ரிங்கில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்) ஒரு பட்டையை உருவிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா சார்?

பதில்: வேண்டாம். ஒரு பட்டையை எடுத்தால் விறைப்பு குறையும், சரி. அந்தச் சுமையை மற்றப் பட்டைகள்தானே தாங்க வேண்டும்? குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பின்பக்கம் உட்கார்ந்துவிடும், மெயின் பட்டைகூட உடையலாம்.

பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்ப்ரிங் நன்றாக வளையும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் மொத்தமும் ஒரே இரும்புக் கட்டைதான். கழற்றிப் பாருங்கள்: குட்டைப் பட்டையின் முனை மேல்பட்டையின் அடியில் பள்ளம் தோண்டியிருக்கும். முனையைத் தேய்த்து மழுக்கி, கம்பி பிரஷ் போட்டு, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் அந்தப் பட்டையையே மாற்றுங்கள். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை எடுக்கும் முன் எல்லாப் பட்டைகளையும் சேர்த்துக் கிளாம்பில் இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை தெறிக்கும்.

கேள்வி: அதெல்லாம் செய்தாச்சு அண்ணே. புதிதாகப் போட்ட ரப்பர் புஷ் (ஸ்ப்ரிங் முனைத் துளையில் உட்காரும் உறை) மட்டும் சீக்கிரமே கிழிந்துவிட்டது.

பதில்: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஷாக்கிள் (ஸ்ப்ரிங் முனையை வண்டியோடு இணைக்கும் பாகம்) போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். கீழே இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. ரப்பரில் என்ஜின் ஆயில் விடுவதும் ஆகாது, ஊறி உப்பிவிடும்.

கேள்வி: முன்பக்கம் லீவர் ஷாக் (கை போன்ற நெம்புகோல் வைத்த ஆயில் ஷாக் அப்சார்பர்). என்ஜின் ஆயில் ஊற்றலாமா?

பதில்: கெட்டியான என்ஜின் ஆயில் விட்டால் விறைத்துப்போகும். ஷாக் அப்சார்பருக்கான ஆயிலே விடுங்கள். ஷாக்கின் கையை மேலும் கீழும் அசைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, குறைந்துபோன அளவுக்கு ஆயிலை நிரப்புங்கள்.

கேள்வி: முன்பக்க டார்ஷன் பாரை (முறுக்கிக்கொண்டு ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் கம்பி) தளர்த்தினால் மெத்தென்று ஆகுமா?

பதில்: உயரம்தான் இறங்கும். விறைப்பு கம்பியின் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. இறக்க இறக்க பம்ப் ஸ்டாப்பில்தான் (கடைசித் தடுப்பு ரப்பர்) இடிக்கும், இன்னும் மோசம். கழற்றினால் இடது வலதைக் குறித்து வையுங்கள், ஓடிப் பழகிய கம்பியைப் பக்கம் மாற்றக் கூடாது.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கும் இதேதானா?

பதில்: பட்டைக்குக் கிரீஸ், புஷ்: இதெல்லாம் பொது. ஆனால் ஹெரால்டின் பின்பக்கம் ஒரே குறுக்கு ஸ்ப்ரிங், ஸ்விங் ஆக்சில் (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு). அதை மெத்தென்று ஆக்கப் போய் வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். அங்கே நல்ல ஷாக் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.