நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு கொடுத்தால் சமத்துவம் வந்துவிடுமா?

வரும் என்றே நம்புகிறேன். ஆனால் ஒதுக்கீட்டுச் சட்டம் எதுவானாலும், சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு இதைப் புரியவைத்தது மெக்சிகோ.

2009 தேர்தலின்போது அங்கே வேட்பாளர்களில் 40 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பெண்கள் நின்றார்கள், ஜெயித்தார்கள். அவை கூடியதும் அவர்களில் சிலர் வரிசையாக விடுப்புக் கேட்டார்கள். மெக்சிகோவில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் கிடையாது, மாற்று ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். இந்தப் பெண்களுக்கு மாற்றாக இருந்தவர்கள் ஆண்கள். ஓட்டுக் கேட்டு அலைந்தவர் அவள், நாற்காலி அவனுக்கு. படித்தபோது வயிறு எரிந்தது.

பெண்கள் விடவில்லை, வழக்குப் போட்டார்கள். பெண் வேட்பாளருக்கு மாற்றும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று 2011இல் தேர்தல் நீதிமன்றம் சொன்னது. 2014இல் வேட்பாளர்களில் சரிபாதி பெண்கள் என்பது அரசியலமைப்பிலேயே ஏறியது. 2021இல் அமைந்த கீழவையில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். ஓட்டையை அடைத்து, பங்கையும் உயர்த்தியதற்கு இவ்வளவு பலன்.

பிரான்சில் நடந்தது வேறு. வேட்பாளர்களில் ஆணும் பெண்ணும் சம அளவில் இருக்க வேண்டும் என்று 2000இல் சமநிலைச் சட்டம் வந்தது. மீறும் கட்சிக்கு அரசு தரும் நிதியில் வெட்டு, அவ்வளவுதான். பெரிய கட்சிகள் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு ஆண்களையே நிறுத்தின. 2002இல் வென்றவர்களில் பெண்கள் சுமார் 12 சதவீதம்தான்.

சரி, எண்ணிக்கை கூடினால் வெளியே இருக்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? இதற்குத் தெளிவான பதில் இந்திய ஊராட்சிகளில் இருக்கிறது. எந்த ஊராட்சிக்குப் பெண் தலைவர் என்பது சுழற்சியில் முடிவானதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். பெண்கள் தலைமையேற்ற இடங்களில் குடிநீருக்குக் கூடுதல் வேலை நடந்திருந்தது; பெண்கள் அதிகம் முறையிட்டதும் அதைப் பற்றித்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பழகியவளுக்குக் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தில் இரண்டு முறை ஒதுக்கப்பட்ட கிராமங்களில் மகளின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் வைத்த ஆசையும் மகனுக்கு வைத்த ஆசையைச் சற்று நெருங்கியிருந்தது. எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

ருவாண்டாவை எல்லோரும் காட்டுவார்கள். 2008இலேயே கீழவையில் பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். பாலின வன்முறைக்கு எதிரான சட்டத்தை முன்மொழிந்ததும் அதற்கு முந்தைய அவையின் பெண் உறுப்பினர்களே. ஆனால் மகளுக்கும் சொத்துரிமை தந்த சட்டம் அங்கே 1999இல் வந்தது, ஒதுக்கீட்டுக்கு முன்பே. அதிகாரமோ பெரும்பாலும் அதிபர் கையில். எல்லாப் பெருமையையும் ஒதுக்கீட்டுக்கே எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

'தகுதி குறைந்துவிடும்' என்பவர்களுக்கு ஸ்வீடன். அங்கே சமூக ஜனநாயகக் கட்சி 1993இல் வேட்பாளர் பட்டியலில் ஓர் ஆண், ஒரு பெண் என்று மாற்றி மாற்றிப் பெயர் போட முடிவு செய்தது. பின்னர் உள்ளாட்சித் தேர்தல்களை ஆராய்ந்தவர்கள் கண்டது, அந்தக் கட்சியின் ஆண்களுடைய தரம் உயர்ந்திருந்தது என்பதை. இடம் குறைந்ததும் முதலில் வெளியேறியவர்கள் சுமாரான ஆண்கள்.