யூரியா விலையும் ஐரோப்பாக் காஸும்

கேள்வி: ஐரோப்பாவில காஸ் விலை ஏறினா எங்கட வெங்காயத்துக்குப் போடுற யூரியா விலையும் ஏன் ஏறுது? (அச்சுவேலி வாசகர்)

பதில்: நல்ல கேள்வி அண்ணை. யூரியா பாக்கை வெட்டிக் கொட்டேக்க வாற வெள்ளைக் குறுணி இருக்கெல்லோ, அதுக்குத் தாய் அமோனியாதான். அமோனியாவுக்கு நைதரசனும் ஐதரசனும் வேணும், நைதரசன் காத்தில சும்மா கிடக்கு, ஐதரசனைத்தான் கூடுதலா இயற்கை வாயுவில (நீங்கள் கேட்ட காஸ் அதுதான்) இருந்து எடுக்கினம், செலவில பெரும்பங்கு அதுக்குத்தான் போகுது. பிறகு ரெண்டையும் 400, 500 பாகைச் சூட்டில, சாதாரணக் காத்தமுக்கத்தைப் போல நூறு மடங்குக்கு மேலான அமுக்கத்தில, இரும்பு ஊக்கியில (சேருறதை விரைவாக்குற பொருள்) படவிட்டாத்தான் சேரும், அதுவும் ஒரு தரத்தில கொஞ்சம்தான் சேரும், மிச்சத்தைத் திருப்பித் திருப்பி விடோணும். இந்த முறையை ஹாபர் எண்ட ஜேர்மன் இரசாயனவியலாளர் கண்டுபிடிக்க, பொஷ் எண்ட இன்னொருத்தர் அதை 1913இல ஜேர்மனி ஒப்பாவில பக்டரியாக்கினவர்.

2022இல ரஷ்யாக் காஸ் குறைஞ்சு விலை எகிற, ஐரோப்பாவில கன பக்டரியள் உற்பத்தியைக் குறைச்சவை, சிலது நிப்பாட்டினவை. அங்க குறைஞ்சா அவையளும் உலகச் சந்தைக்குத்தான் வாங்க வருவினம், நாங்களும் அதே சந்தையிலதான் நிக்கிறம், அதாலதான் எங்களுக்கும் விலை ஏறுது. (2021இல இலங்கை அரசு இரசாயனப் பசளையை மறிக்க நாங்கள் பட்ட பாடு வேற கதை, அதைக் கிளறேல்ல.)

காஸ் இல்லாமலும் ஐதரசன் எடுக்கலாம், அதில நோர்வேக்காரர் கெட்டிக்காரர். ருயூக்கன் எண்ட ஊரில 1929 அளவிலயே நீர்வீழ்ச்சிக் கரண்டால தண்ணியைப் பிரிச்சு ஐதரசன் எடுத்தவை, பிறகு காஸ் மலிவாக அந்த முறை எடுபடாமப் போச்சுது. 2024இல அங்கயே ஹெரோயாவில 24 மெகாவாட் கரண்டில திரும்பத் துவங்கினவை.